ஒட்டுக்கேட்டது யார்? - 2008 டேப் விவகாரமும் சட்டைப்பை ரெக்கார்டரும்

2008ம் ஆண்டு ஏப்ரல் மாதம். சென்னையில் 'டெக்கான் கிரானிக்கிள்' ஆங்கில நாளிதழைப் பிரித்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. தமிழக அரசின் தலைமைச் செயலாளர் எல்.கே.திரிபாதியும், லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குனர் எஸ்.கே.உபாத்யாயும் தொலைபேசியில் பேசிக்கொண்டது எழுத்தாக அச்சில் வந்திருந்தது. மாநிலத்தின் முதல் அதிகாரியும், ஊழலைப் பிடிக்க வேண்டிய அதிகாரியும் தனியாகப் பேசிய பேச்சு தெருவுக்கு எப்படி வந்தது?

எதிர்க்கட்சிகள் உடனே சொன்ன பதில்: "போனை ஒட்டுக்கேட்கிறார்கள்!" அரசாங்கமே தன் அதிகாரிகளை ஒட்டுக்கேட்கிறதா, இல்லை அரசாங்கத்தையே வேறு யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி பி.சண்முகம் தலைமையில் விசாரணைக் கமிஷன் போடப்பட்டது.

கமிஷன் போட்டால் விவகாரம் ஆறிவிடும் என்பது நம் ஊர் வழக்கம். ஆனால் இது ஆறவில்லை. அடுத்த மாதமே சுப்பிரமணியன் சுவாமி இன்னொரு ஒலிப்பதிவோடு பத்திரிகையாளர்கள் முன்னால் வந்தார். இந்த முறை பேசியவர் ஓர் அமைச்சர். சமூக நலத்துறை அமைச்சராக இருந்த பூங்கோதை, மின்வாரியத்தில் வேலை பார்த்த தன் உறவினர் லஞ்ச வழக்கில் சிக்கியிருப்பது பற்றி உபாத்யாயிடம் பேசிய பேச்சு அது. பேசியது உண்மைதான் என்று பூங்கோதை ஒப்புக்கொண்டார். பதவியை ராஜினாமா செய்தார். (பின்னர் அதே ஆட்சியில் மறுபடியும் அமைச்சரானார். கொடுக்கப்பட்ட துறை எது தெரியுமா? தகவல் தொழில்நுட்பம்!)

இப்போது இரண்டு உரையாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தலைமைச் செயலாளர், இன்னொன்றில் அமைச்சர். ஆனால் மறுமுனையில் இருந்தவர் இரண்டிலும் ஒரே ஆள். ஊரே கம்பியின் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்க, விஷயம் கம்பியின் ஒரு நுனியில் இருந்தது.

2008 ஜூலையில் லஞ்ச ஒழிப்புத் துறையிலேயே பணிபுரிந்த சங்கர் என்ற ஊழியர் கைது செய்யப்பட்டார். அலுவலகக் கணினியில் இருந்த உரையாடல் பதிவுகளை நகலெடுத்து வெளியே கொடுத்தார் என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. பின்னாளில் 'சவுக்கு' சங்கர் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர் இவர்தான். அரசுத் தரப்பு வைத்த இந்த வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். கணினியிலிருந்து பதிவைத் திருடினார் என்றால், பதிவு முதலிலேயே அந்தக் கணினியில் இருந்திருக்கிறது. அதாவது இது ஒட்டுக்கேட்பு வழக்கே இல்லை. ரெக்கார்டிங் வழக்கு.

ஒட்டுக்கேட்பதற்கும் ரெக்கார்ட் செய்வதற்கும் என்ன பெரிய வித்தியாசம், இரண்டும் திருட்டுத்தனம்தானே என்று தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அது எப்படி வந்தது என்று தெரிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

*

கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் 1882 ஜனவரி 28ல் திறக்கப்பட்டன. மூன்று வருடம் கழித்து, 1885ல் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு அப்போது இருந்த கவலை எல்லாம் தந்திக் கம்பி பற்றியது. கம்பியை யாரும் அறுக்கக்கூடாது, நடுவில் கொக்கி போட்டுச் செய்தியைத் திருடக்கூடாது. அரசாங்கம் மட்டும் திருடலாம்! பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்று வந்தால் அரசு இடைமறித்துக் கேட்கலாம் என்று 5வது பிரிவு வழி வைத்தது. நூறு வருடத்துக்கும் மேலாக இந்தியாவில் போன் பற்றிய பேச்சு எல்லாம் இந்தப் பிரிவைச் சுற்றியே நடந்தது.

கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே 1988 ஆகஸ்டில் பதவி விலகியது ஒட்டுக்கேட்பு விவகாரத்தில்தான். (அப்போதும் குற்றம் சாட்டியவர்களில் சுப்பிரமணியன் சுவாமி ஒருவர். மனிதருக்கும் டேப்புக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் போலிருக்கிறது.) பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒட்டுக்கேட்புக்குக் கடிவாளம் போட்டது. உள்துறைச் செயலாளர் கையெழுத்து வேண்டும், மறு ஆய்வுக் குழு பார்க்க வேண்டும், கால வரம்பு வேண்டும் என்று விதிகள் வந்தன.

இது எல்லாமே நடுவில் இருப்பவனைப் பற்றியது. பேசுகிற இருவரில் ஒருவரே பதிவு செய்தால்? அதற்குத் தந்திச் சட்டத்தில் பதில் கிடையாது. பதில் வழக்குகளிலிருந்து வந்தது. அதில் முக்கியமான ஒரு வழக்கு ஒரு சாமானியருக்கும் ஒரு முதலமைச்சருக்கும் இடையே நடந்தது.

பஞ்சாபில் பிரதாப் சிங் என்ற அரசு சிவில் சர்ஜன். ஓய்வுபெறும் நேரத்தில் 1961ல் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து விசாரணை போட்டார்கள். "முதலமைச்சர் தரப்பு கேட்டதை நான் செய்து கொடுக்கவில்லை, அந்தக் கோபத்தில் பழிவாங்குகிறார்கள்" என்றார் டாக்டர். முதலமைச்சர் யார்? பஞ்சாபையே ஆட்டிப் படைத்த பிரதாப் சிங் கைரோன்! ஓய்வுபெறப் போகும் டாக்டர் சொல்வதை யார் நம்புவார்கள்? ஆனால் டாக்டரிடம் டேப் இருந்தது. முதலமைச்சர் தரப்போடு நடந்த பேச்சுகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்.

டேப்பை வெட்டி ஒட்டலாம், ஆகவே ஏற்கக்கூடாது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 1963 செப்டம்பரில் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகளுக்காக எழுதியவர், மெட்ராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி போன என்.ராஜகோபால அய்யங்கார். வெட்டி ஒட்டுவது எந்தப் பத்திரத்திலும்தான் நடக்கலாம், அதற்காகச் சாட்சியத்தையே தூக்கி எறிய முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். இவ்வளவு குற்றச்சாட்டுக்கும் முதலமைச்சர் தானே ஒரு பிரமாண வாக்குமூலம் போட்டு மறுக்காததையும் தீர்ப்பு கவனித்தது. அரசின் உத்தரவு கெட்ட எண்ணத்தோடு போடப்பட்டது என்று ரத்தானது. டாக்டர் ஜெயித்தார்.

டேப்பைத் தவிர வேறு எதை வைத்து அவர் ஜெயித்திருக்க முடியும்? திருட்டுத்தனமாகப் பதிவு செய்வது தப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்பவர்கள் இந்த டாக்டருக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது பம்பாய். 1964ல் ஒரு நோயாளி நர்சிங் ஹோமில் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். மரண விசாரணை அதிகாரியான மல்கானி, டாக்டருக்குச் சாதகமாக நடந்துகொள்ள 20,000 ரூபாய் கேட்டார். பேரம் 15,000க்கு இறங்கி, பிறகு 10,000 ஆனது. டாக்டர் தரப்பு போலீசுக்குப் போனது. பேரம் பேசிய இன்னொரு டாக்டரின் வீட்டுப் போனில், அவர் சம்மதத்தோடு, லஞ்ச ஒழிப்பு போலீஸ் டேப் ரெக்கார்டரை மாட்டியது. வழக்கு 1972ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பேசுகிற இருவரில் ஒருவர் சம்மதித்திருக்கிறார், கம்பியில் போகும் பேச்சை யாரும் தடுக்கவில்லை, ஆகவே தந்திச் சட்டம் மீறப்படவில்லை என்றது நீதிமன்றம். அந்தரங்க உரிமை என்று மல்கானி வாதிட்டது எடுபடவில்லை. உரிமை அப்பாவியைக் காப்பாற்றத்தான், குற்றம் செய்தவனை மறைக்க இல்லை என்பது போலப் பதில் கிடைத்தது.

இதில் ஒரு சின்ன இடறல் இருக்கிறது. ஒருவன் அப்பாவியா குற்றவாளியா என்பது டேப்பைக் கேட்ட பிறகுதானே தெரியும்? கேட்பதற்கு முன்பே எப்படிப் பிரிப்பது? 1972ல் இதற்குப் பதில் தேட யாருக்கும் அவசரம் இல்லை. டேப் ரெக்கார்டர் என்பது ஒரு சூட்கேஸ் கனம். எல்லாரிடமும் கிடையாது.

*

அமெரிக்காவில் 1997ல் லிண்டா டிரிப் என்ற பெண் தன் தோழி மோனிகா லெவின்ஸ்கியோடு போனில் பேசியதை எல்லாம் ரகசியமாகப் பதிவு செய்தார். அந்த டேப்புகள்தான் கிளிண்டனைப் பதவி நீக்கத் தீர்மானம் வரை இழுத்துப் போயின. டிரிப் இருந்த மேரிலாண்ட் மாநிலத்தில், இருவரும் சம்மதிக்காமல் பதிவு செய்வது குற்றம். வழக்கும் போட்டார்கள், 2000ல் கைவிட்டார்கள். டிரிப் தன்னைக் காத்துக்கொள்ளவே பதிவு செய்ததாகச் சொன்னார். அங்கே நசுங்கியது ஜனாதிபதி இல்லை, இருபத்து சொச்சம் வயதுப் பெண் ஒருத்தி. தோழியிடம் அழுததை உலகமே கேட்டது.

பஞ்சாப் டாக்டர் ஒரு பக்கம், டிரிப் இன்னொரு பக்கம் என்றால், 2008 சென்னை விவகாரம் இரண்டுக்கும் நடுவே எங்கோ மாட்டிக்கொள்கிறது. லஞ்ச வழக்கில் சிக்கிய உறவினருக்காக அமைச்சர் பேசுகிறார். இதைப் பதிவு செய்வது தப்பா? லஞ்சத்தைப் பிடிக்கும் துறையின் தலைவருக்கு வரும் சிபாரிசு அழைப்பு பொதுமக்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லையா? ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதிவு ஒரு வழக்கு ஆவணமாக முறைப்படி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. யார் யார் கை மாறியோ, பத்திரிகையாளர் கூட்டத்தில் வெளிவந்தது. டாக்டரின் டேப் கேடயம் என்றால், அதிகாரம் உள்ளவர் மேஜையில் சேரும் டேப்புகள் சேமிப்புக் கணக்கு மாதிரி. எப்போது எடுப்பார்கள், யார் எடுப்பார்கள் என்று போட்டவருக்கே தெரியாது.

கடைசியில் சட்டத்தின் கையில் சிக்கியது யார் என்று பாருங்கள். பேசியவர்கள் இல்லை. சிறைக்குப் போனவர் கீழ்நிலை ஊழியரான சங்கர். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 2017ல் அவர் விடுதலையானார்.

*

2008ல் ஒரு போன் பேச்சு பதிவாவதற்கே ஒரு மாநில அரசு ஆடிப்போனது. இன்று?

அந்தக் காலத்து நோக்கியா சிம்பியன் போன்களில் பேச்சைப் பதிவு செய்தால் சில வினாடிக்கு ஒருமுறை 'பீப்' ஒலிக்கும். எதிராளிக்கும் கேட்கும். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? பீப்பை அமுக்குவதற்கென்றே மென்பொருள் தேடிப் போட்டார்கள். பிறகு ஆண்ட்ராய்டு வந்தது, ரெக்கார்டிங் செயலிகள் புற்றீசலாகக் கிளம்பின. 2018லிருந்து கூகுள் ஒவ்வொரு கதவாக மூடியது. 2022 மே மாதம் பிளே ஸ்டோர் விதியை மாற்றி மிச்சமிருந்த வழியையும் அடைத்தது. கூகுளின் சொந்தப் போன் செயலியில் பதிவு செய்தால், "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு குரல் இருவருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். ஆப்பிள் 2024 அக்டோபரில் ஐபோனுக்கு ரெக்கார்டிங் கொடுத்தபோதும் அறிவிப்போடுதான் கொடுத்தது. ஆனால் சில கம்பெனிகளின் போன்கள் இந்தியாவில் இன்றும் சத்தம் காட்டாமல் பதிவு செய்கின்றன. பழைய போன் வாங்கும்போது "ரெக்கார்டிங்ல அனவுன்ஸ்மென்ட் வருமா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

போன் செய்யும் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வரிசையாக நிற்கின்றன. நோக்கியா 2006ல் வந்தது, 2014ல் மூடியது. இப்போது ஐபோன் தயாராகிறது. அங்கிருந்து வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையில் கும்மிடிப்பூண்டி சிப்காட். சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல முடிகிற ஊர். இரும்பு உருக்கும் ஆலைகள், ரோலிங் மில்கள், ஃபவுண்டரிகள். வேலைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். கான்ட்ராக்டருக்குக் கீழே இன்னொரு கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த மேஸ்திரி.

இப்படிப்பட்ட இடத்தில் வேலைக்கு வருகிறவனுக்குக் கிடைக்கும் நியமன உத்தரவு பல சமயம் ஒரு போன் பேச்சுதான். "தினம் இவ்வளவு, சாப்பாடு, தங்கல் ஃப்ரீ, ஓ.டி. தனி" என்பது வாயால் சொல்லப்பட்டது. மாதம் முடிந்து கையில் வருவது வேறாக இருந்தால் காட்டுவதற்குக் காகிதம் கிடையாது. விபத்தில் கை போனால், "அவன் நம்ம ஆளே இல்லை" என்று கான்ட்ராக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் போனில் பதிவாகியிருக்கும் நாற்பது வினாடிப் பேச்சு மட்டும்தான் அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதற்குச் சாட்சி. கூகுளின் அறிவிப்புக் குரல் இருவரும் சமமாக இருக்கும் இடத்தில் நியாயமான ஏற்பாடு. மேஸ்திரியோடு பேசும்போது அது ஒலித்தால், மேஸ்திரி போனை வைத்துவிடுவார். அவ்வளவுதான் கதை.

ஆனால் பதிவு கையில் இருந்தால் மட்டும் போதுமா? 1985ல் வந்த ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறை சொல்லியிருக்கிறது. குரல் யாருடையது என்று தெரிய வேண்டும், வெட்டு ஒட்டு இருக்கக்கூடாது, பத்திரமாக வைத்திருக்க வேண்டும், தெளிவாகக் கேட்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணுப் பதிவோடு 63வது பிரிவின்படி சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் கோப்பின் 'ஹேஷ்' எண்ணும் வர வேண்டும். ஆகவே தேவையான பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, அசலை அழித்துவிட்டால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். பதிவான போனையே பத்திரமாக வைத்திருப்பது நல்லது. "அது என் குரலே இல்லை" என்று எதிராளி சாதித்தால், குரல் மாதிரி கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்திருக்கிறது. பேச்சு ஒடியாவிலோ போஜ்புரியிலோ இருந்தால் மொழிபெயர்ப்பு தனிச் செலவு, தனித் தாமதம். நாள் கூலிக்காரன் எத்தனை நாள் கூலியை விட்டுக் கோர்ட்டுக்கு அலைவான் என்பது எந்தத் தீர்ப்பிலும் இல்லாத கேள்வி.

லஞ்சம் கேட்பதைப் பதிவு செய்கிறவர்களுக்கு இன்னொரு பொறி. 2018ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் சொன்னால்தான் தப்பிக்கலாம். ஆதாரம் இருக்கிறதே என்று போனை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருந்தால், அந்த ஆதாரம் கொடுத்தவர் மேலேயே திரும்பலாம். பதிவைக் காட்டிப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறித்தல். யூடியூபில் ஏற்றினால் அவதூறு வழக்கு வரலாம்.

*

வீட்டுக்குள் வந்தால் விவகாரம் இன்னும் சிக்கல். மனைவியின் போன் அழைப்பு விவரங்களைக் கணவன் அவருக்குத் தெரியாமல் எடுத்து விவாகரத்து வழக்கில் வைத்தார். 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்க்க ஆரம்பித்தால் அங்கே நம்பிக்கைக்கு இடமில்லை என்பது நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் காட்டிய வழி. 2017ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னதன் தொடர்ச்சி இது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2025 ஜூலை 14ல் பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், கணவன் ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் போன் பேச்சைக் குடும்ப நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேவு பார்க்கிற அளவுக்குப் போயிருந்தால் அந்தக் கல்யாணம் ஏற்கனவே உடைந்திருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி என்பது தீர்ப்பின் போக்கு. ஏற்பதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் யார் கையில் நல்ல போன் இருக்கும், யாருடைய போனின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரிந்திருக்கும் என்று யோசித்தால் மதுரைத் தீர்ப்புதான் நம் வீடுகளை நன்றாக அறிந்த தீர்ப்பாகத் தெரிகிறது.

அதே மாதம் 2ம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எவரான் நிறுவனத்தின் நிர்வாக இயக்குனராக இருந்த கிஷோரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011ல் போட்ட உத்தரவை ரத்து செய்திருந்தார். வருமான வரி அதிகாரிக்கு 50 லட்சம் லஞ்சம் என்ற வழக்கு அது. ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டும் 'பொது நெருக்கடி' ஆகிவிடாது, ஒட்டுக்கேட்டதை மறு ஆய்வுக் குழு முன் வைக்கவும் இல்லை என்றது தீர்ப்பு. பன்னிரண்டு நாள் இடைவெளியில், இரண்டு தீர்ப்புகள். நடுவில் கம்பி போட்ட சர்க்கார் தோற்றது. மறுமுனையில் பதிவு செய்த ஆள் ஜெயித்தார்.

1885ல் எழுதிய தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. இடைமறித்துக் கேட்பதற்கான விதிகளும் 2024 டிசம்பரில் வெளியாயின. யார் உத்தரவு போடலாம், எத்தனை நாளுக்குப் போடலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று அதில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எல்லாம் நடுவில் இருப்பவனுக்கு. பேசுகிற ஆளின் சட்டைப்பையில் இருக்கும் கோப்பை யார் கேட்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.